வீட்டில் பதிந்த டிரம்ஸ் டிராக்குகளை எடிட் செய்ய எந்த மென்பொருள்? சோதித்துத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிரம்ஸ் கிட்டுக்கு நான்கு முதல் எட்டு மைக் வைத்து வீட்டிலேயே பதிந்துவிட்டு, அந்த டிராக்குகளை எதில் திருத்துவது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கையில் இருப்பது ஒரே ஒரு ஸ்டீரியோ பதிவுதான் என்றாலோ, கீபோர்டில் தட்டிய மிடி பீட் மட்டும்தான் என்றாலோ இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஏற்கெனவே பழகிய எதிலும் வேலை நடக்கும்.

பல மைக் பதிவில் மட்டும் தேர்வு ஏன் முக்கியம்? பாடகர் ஒரு சொல்லைத் தாமதமாகப் பாடினால் அந்த ஒரு டிராக்கை நகர்த்தினால் போதும். ஸ்னேர் அடி ஒன்று தள்ளிப்போனால் அப்படி முடியாது. அந்த அடி ஸ்னேர் மைக்கில் மட்டுமல்லாமல் ஓவர்ஹெட் (கிட்டுக்கு மேலே நிற்கும் மைக்), டாம், கிக் என்று எல்லா மைக்கிலும் விழுந்திருக்கும். எல்லா டிராக்கையும் ஒரே இடத்தில் வெட்டி, ஒரே அளவு நகர்த்தி, ஒரே மாதிரி ஒட்டியாக வேண்டும். இதை உங்கள் கணினியில், உங்கள் பதிவை வைத்து, சிரமமில்லாமல் செய்யும் மென்பொருள்தான் உங்களுக்கானது. பிளக்-இன் எண்ணிக்கையும் திரையின் அழகும் அப்புறம்.

வரிசையை மாற்றாமல் போங்கள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக 4-ஆம் படியில் தொடங்குகிறார்கள். ஐந்து மென்பொருளை இறக்கி வைத்துவிட்டு, எதை வைத்து ஒப்பிடுவது என்று தெரியாமல், கடைசியில் நண்பர் வைத்திருப்பதையே வாங்குகிறார்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலில் வட்டில் இடம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் மோனோ டிராக் ஒன்று நிமிடத்துக்கு ஏறக்குறைய 8.6 எம்பி பிடிக்கும். எட்டு டிராக் என்றால் நிமிடத்துக்கு 69 எம்பி. நான்கு நிமிடப் பாட்டுக்கு ஐந்து டேக் (முழு வாசிப்பு) எடுத்திருந்தால் கிட்டத்தட்ட 1.4 ஜிபி. இது பெரிய அளவில்லை. ஆனால் எடிட் செய்யும்போது நூற்றுக்கணக்கான சிறு துண்டுகளை மென்பொருள் ஒரே நேரத்தில் படிக்கும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் இது தடுமாறும், எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காதை மூடும் ஹெட்போன். வெட்டு விழுந்த இடத்தில் வரும் சின்ன ‘டிக்’ ஒலி லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்காது. மிக்ஸ் செய்யும் நாளில்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, மூலப் பதிவின் நகல். வேறொரு வட்டில் வைத்து, படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிடுங்கள். சோதனைக்காக இரண்டு மென்பொருள்களில் இதே கோப்புகளைத் திறக்கப் போகிறீர்கள். சில எடிட்டர்களில் ஒரு தவறான கட்டளை மூலக் கோப்பையே மாற்றிவிடும்.

இன்டர்ஃபேஸின் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே மூச்சில் கையாளும் சாம்பிள்களின் எண்ணிக்கையை, 512 அல்லது 1024-க்கு உயர்த்திவிடுங்கள். 128-இல் வைப்பது பதியும்போது, வாசிப்பவருக்குத் தாமதம் தெரியக்கூடாது என்பதற்காக. எடிட்டில் அதனால் பயனில்லை, கணினிக்குத்தான் சுமை.

2. சோதனைத் துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள்

மென்பொருளோடு வரும் டெமோ பாட்டை வைத்துச் சோதிக்காதீர்கள். அது நல்ல அறையில், நல்ல வாத்தியக்காரர் கிளிக்குக்கு (காதில் ஒலிக்கும் தாளத் தட்டுக்கு) வாசித்தது. அதில் எல்லாமே அழகாக வேலை செய்யும்.

உங்கள் பதிவிலிருந்தே 16 பார் (தாளச் சுற்று) எடுங்கள். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு), 4/4 என்றால் அது ஏறக்குறைய 43 விநாடி. அந்த 16 பாருக்குள் நான்கு விஷயங்கள் வரும்படி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: சாதாரணமாக ஓடும் பீட், டாம்களில் உருளும் ஒரு ஃபில், நீளமாக ஒலித்து அடுத்த அடிகளின் மேல் படரும் ஒரு க்ராஷ், ஸ்னேரில் மெல்லத் தட்டிய கோஸ்ட் நோட்டுகள். வேகம் தளர்ந்த ஓர் இடமும் அகப்பட்டால் இன்னும் நல்லது. மென்பொருள்கள் தங்கள் குணத்தைக் காட்டுவது இந்த இடங்களில்தான். கிக்கும் ஸ்னேரும் மட்டும் வரும் பீட்டை எதில் வேண்டுமானாலும் திருத்திவிடலாம்.

எல்லா டிராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வேவ் கோப்புகளாக ஏற்றுமதி செய்யுங்கள். டாம் மைக்கில் முதல் ஐந்து பார் ஒன்றுமே இல்லை என்று அந்தக் கோப்பை மட்டும் குறுக்கி எடுத்தால், இன்னொரு மென்பொருளில் அது எங்கே வர வேண்டும் என்று தெரியாமல் போகும். கிளிக் டிராக் இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள்.

கோப்புப் பெயர்களை 01 கிக், 02 ஸ்னேர் மேல், 03 ஸ்னேர் கீழ் என்று எண்ணோடு வையுங்கள். எதில் திறந்தாலும் டிராக்குகள் அதே வரிசையில் வரும். ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்காது.

சாம்பிள் ரேட்டை (பதிவு 44.1 கிலோஹெர்ட்ஸா, 48-ஆ என்பதை) குறித்துக்கொள்ளுங்கள். 44.1-இல் பதிந்த கோப்பை மாற்றாமல் 48 புராஜெக்டில் ஓட்டினால் வேகம் 9 விழுக்காடு அளவுக்குக் கூடும், சுருதியும் ஒன்றரை செமிடோன் ஏறும். மெலடி இருந்தால் உடனே தெரிந்துவிடும். டிரம்ஸ் மட்டும் என்றால் ‘ஸ்னேர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதே, நல்லாத்தானே இருக்கு’ என்று ஏமாந்துவிடுவோம்.

3. மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில்

கிளிக்குக்கு வாசித்த பதிவா, இல்லையா? கிளிக் இல்லையென்றால் டெம்போ மேப் (வாசிப்பின் வேக மாற்றத்தை மென்பொருளுக்குக் காட்டுவது) செய்யும் வசதி கட்டாயம். இதை 8-ஆம் படியில் பார்க்கலாம்.

பாட்டு வேறு யார் கைக்காவது போகுமா? மிக்ஸுக்கு வெளி ஸ்டுடியோவுக்கு அனுப்புவதாக இருந்தால் அங்கே என்ன ஓடுகிறது என்று கேட்டுவிடுங்கள். வேவ் கோப்பாகக் கொடுத்தால் எங்கும் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வெட்டை இரண்டு மில்லி விநாடி மாற்ற வேண்டும் என்று அவர்கள் நினைத்தால், புராஜெக்ட் கோப்பே தேவைப்படும்.

மொத்தம் எத்தனை டிராக்? டிரம்ஸை மட்டும் எண்ணாதீர்கள். பேஸ், கிட்டார், குரல், கோரஸ் எல்லாம் சேர்த்து எண்ணுங்கள். இலவசப் பதிப்புகள் பலவும் இந்த எண்ணிக்கையில்தான் கையைக் கட்டுகின்றன.

4. பட்டியலைச் சுருக்குங்கள்

மேலே உள்ள பதில்களோடு வந்தால் பட்டியல் இரண்டாகவோ மூன்றாகவோ தானே குறையும். நான் பார்த்த வரையில் வீட்டுப் பதிவுக்காரர்கள் கேட்கும் பெயர்கள் இவைதான்.

ரீப்பர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான உரிமம் 60 டாலர். டிராக் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. கையால் வெட்டி நகர்த்தும் வேலையில் வேகமானது. குறை என்னவென்றால் மெனுக்கள் காடு மாதிரி. முதல் வாரம் எரிச்சல் வரும். காசு குறைவு, கணினி சுமார் என்றால் முதலில் இதைச் சோதியுங்கள் என்றுதான் சொல்வேன்.

லாஜிக் புரோ. கணினி என்றால் மேக்கில் மட்டும். ஆப்பிள் சோதனைக் காலம் தருகிறதா, எத்தனை நாள் என்று அதன் தளத்தில் பாருங்கள். டிரம்ஸ் டிராக்குகளை ஒரு குரூப்பாக்கி, அந்தக் குரூப்பில் குவாண்டைஸ் (அடிகளைத் தாளக் கட்டங்களுக்கு இழுப்பது) பூட்டைப் போட்டு, கிக்கையும் ஸ்னேரையும் மட்டும் ஆதாரமாகக் காட்டலாம். மற்ற டிராக்குகள் அவற்றின் பின்னால் நகரும். இதே மேக்கில் இலவசமாக வரும் கராஜ்பேண்டில் ஒவ்வொரு டிராக்கையும் தனியாகத்தான் இழுக்க முடியும். எட்டு மைக் டிரம்ஸ் எடிட்டுக்கு அது போதாது.

புரோ டூல்ஸ். ஸ்டுடியோக்களில் டிரம்ஸ் எடிட் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இதிலுள்ள பீட் டிடெக்டிவ். அடிகளைக் கண்டுபிடித்து, வெட்டி, கிரிட்டுக்கு (தாளக் கட்டங்களுக்கு) நகர்த்தி, இடைவெளியை நிரப்பி, கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு தேயத் தேய அடுத்தது ஏறும் ஒட்டு) போடுவது வரை ஒரே சாளரத்தில் படிப்படியாக நடக்கும். இலவச இன்ட்ரோ பதிப்பில் எட்டு ஆடியோ டிராக்தான். கிக், ஸ்னேர் மேல், ஸ்னேர் கீழ், மூன்று டாம், இரண்டு ஓவர்ஹெட் என்று எண்ணிப் பாருங்கள், எட்டும் தீர்ந்தது. இரண்டு ஓவர்ஹெட்டையும் ஒரே ஸ்டீரியோ டிராக்காக்கினால் ஓர் இடம் மிஞ்சும். அதில் பேஸை வைப்பதா குரலை வைப்பதா?

கியூபேஸ். டிரம்ஸ் டிராக்குகளை ஒரு ஃபோல்டருக்குள் போட்டு குரூப் எடிட்டிங் பொத்தானை அழுத்தினால் ஒரு வெட்டு எல்லாவற்றிலும் விழும். பல டிராக்குகளைச் சேர்த்துக் குவாண்டைஸ் செய்யும் வசதி முழுப் பதிப்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. சிறிய பதிப்பு வாங்கும் முன் ஒப்பீட்டுப் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டும் தேடிப் படியுங்கள்.

ஏபிள்டன் லைவ். 11-ஆம் பதிப்பிலிருந்து டிராக்குகளை இணைத்துச் சேர்த்து எடிட் செய்யலாம். ஏற்கெனவே மேடைக்கு இதைப் பயன்படுத்துபவர் என்றால் மாற வேண்டிய அவசியமில்லை. டிரம்ஸ் எடிட்டுக்காக மட்டும் இதைப் புதிதாக வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஆர்டர் (Ardour). லினக்ஸ்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். குரூப் வசதி நன்றாகவே இருக்கிறது.

ஆடாசிட்டி. இலவசம், எளிது, எல்லோர் கணினியிலும் இருக்கிறது. ஆகவே நிறையப் பேர் இதில்தான் தொடங்குகிறார்கள், நிறையப் பேர் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லா டிராக்கையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக வெட்ட முடியும், சரி. ஆனால் 3-ஆம் தலைமுறைப் பதிப்புகளில் ஒரே டிராக்கில் இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏற முடியாது. துண்டை நகர்த்தியதும் ஓரங்களைக் கோத்து கிராஸ்ஃபேட் போடும் வழக்கமான வேலை இங்கே சுற்றுவழி ஆகிவிடும். அந்தப் பதிப்புகளின் வழக்கமான விண்டோஸ் வடிவத்தில் ஏசியோ (மென்பொருள் இன்டர்ஃபேஸோடு நேரடியாகப் பேசும் டிரைவர் முறை) ஆதரவும் இல்லை என்பதால், எட்டு மைக்கை ஒரே நேரத்தில் பதிவதிலும் தொல்லை வரும். இரண்டு மைக் பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்ஃபேஸ் வாங்கும்போது கூடவே வரும் ‘லைட்’ பதிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்; அதே சமயம் அவற்றைச் சோதிக்காமல் நம்பவும் வேண்டாம். குரூப் எடிட்டிங் மாதிரி வசதிகளைத்தான் அவற்றில் முதலில் நீக்குகிறார்கள்.

இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்து நிறுவுங்கள். மூன்றாவது வேண்டாம். இரண்டின் விசைகளைப் பழகவே நேரம் பிடிக்கும். மூன்று என்றால் எதையும் நியாயமாகச் சோதிக்க மாட்டீர்கள்.

5. முதல் சோதனை: ஒரு வெட்டு, எல்லா டிராக்கும்

இதில் தோற்ற மென்பொருளை அடுத்த சோதனைக்கே எடுத்துச் செல்ல வேண்டாம்.

எட்டுக் கோப்பையும் பூச்சியத்தில் வைத்து இறக்குமதி செய்யுங்கள். வேறு எதையும் தொடும் முன் குரூப் செய்யுங்கள். குரூப் செய்யும் முன் ஒரே ஒரு வெட்டு போட்டுவிட்டால்கூட, அந்தத் துண்டு குரூப்புக்கு வெளியே தங்கி, பத்து நிமிடம் கழித்துத் தனியாக நகர்ந்து நிற்கும்.

ரீப்பரில் எல்லா ஐட்டங்களையும் தேர்ந்தெடுத்து ‘ஜி’ விசை. மேலே கருவிப்பட்டையில் ஐட்டம் குரூப்பிங் பொத்தான் எரிகிறதா என்றும் பாருங்கள். அது அணைந்திருந்தால் குரூப் இருந்தும் வேலை செய்யாது. இப்போது கிக் ஐட்டத்தில் ‘டேப்’ விசையை அழுத்தினால் கர்சர் அடுத்த அடியின் தொடக்கத்துக்குத் தாவும். ‘எஸ்’ அழுத்தினால் வெட்டு விழும். வேறு மென்பொருளில் விசைகள் வேறாக இருக்கும். செய்ய வேண்டியது இதேதான்.

வெட்டிய இடத்தில் அலை வடிவம் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் வரை பெரிதாக்குங்கள். எல்லா டிராக்கிலும் வெட்டு அதே சாம்பிளில் இருக்கிறதா? சில மென்பொருள்கள் வெட்டுக்கோட்டை ஒவ்வொரு டிராக்கிலும் அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்துக்குத் தானாக நகர்த்தும். தனி டிராக்குக்கு அது நல்லது. இங்கே அது எட்டு வெட்டுகளையும் எட்டு இடத்தில் போடும். அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.

அடுத்து அழிப்புச் சோதனை. மூல டிராக்குகளின் இன்னொரு நகலைக் குரூப்புக்கு வெளியே வைத்து, அவற்றின் போலாரிட்டியைத் (அலையின் மேல் கீழை) திருப்புங்கள். குரூப்பில் இருப்பவற்றில் பத்துப் பதினைந்து வெட்டு போடுங்கள்; எதையும் நகர்த்த வேண்டாம். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் முழு அமைதி வர வேண்டும். வெட்டு விழுந்த இடங்களில் மட்டும் ‘புட் புட்’ என்று கேட்டால் காரணம் பெரும்பாலும் கிராஸ்ஃபேட் வடிவம். ஈக்வல் பவர் வடிவத்தில் நடுப்புள்ளியில் இரண்டு பக்கமும் 0.707 அளவில் இருக்கும். இரு பக்கமும் ஒரே ஒலி என்பதால் கூட்டினால் 1.414, அதாவது 3 டெசிபல் ஏற்றம். நகர்த்தாத வெட்டுகளுக்கு நேர்கோட்டு ஃபேட் போட்டால் இது போய்விடும். துண்டை நகர்த்திய இடங்களில் இரு பக்க ஒலியும் வேறுவேறு என்பதால் ஈக்வல் பவர் பொருந்தும். இரண்டையும் எளிதாக மாற்றிக்கொள்ள விடுகிற மென்பொருளுக்கு ஒரு மதிப்பெண் கூட்டுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று கேட்பீர்கள். பல ஸ்னேர்களின் உடல் ஒலி 200 ஹெர்ட்ஸ் அருகே இருக்கும். அதன் ஒரு சுற்று 5 மில்லி விநாடி. ஸ்னேர் மைக் மட்டும் ஓவர்ஹெட்டை விட்டு 2.5 மில்லி விநாடி விலகினாலே அந்த அதிர்வெண் அரைச்சுற்று எதிரெதிராகி ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்னேர் காகிதம் மாதிரி ஒலிக்கும். ஈக்யூவில் எவ்வளவு ஏற்றினாலும் அது திரும்பாது.

6. இரண்டாம் சோதனை: நகர்த்தி, நிரப்பி, ஒட்டுவது

க்ராஷ் ஒலித்துக்கொண்டிருக்கும் இடத்தில் அதை அடுத்து வரும் ஸ்னேர் அடியைப் பிடியுங்கள். வேண்டுமென்றே கடினமான இடத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்.

வெட்டு அடியின் உச்சத்தில் விழக்கூடாது. 5 முதல் 10 மில்லி விநாடி முன்னால் விழ வேண்டும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லி விநாடி எடுக்கும் என்பதால், ஒரே அடி அருகு மைக்கில் முதலிலும், ஓவர்ஹெட்டில் 3 மில்லி விநாடி கழித்தும், நான்கு மீட்டர் தள்ளி நிற்கும் அறை மைக்கில் 12 கழித்தும் வரும். முதலில் வரும் மைக்குக்கு முன்னால் வெட்டினால் மற்றவை தானாகவே பாதுகாப்பாக இருக்கும். புரோ டூல்ஸின் பீட் டிடெக்டிவில் இதற்கென்றே டிரிகர் பேட் என்று ஒரு கட்டம் உண்டு. ரீப்பரில் கர்சரைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு வெட்டலாம்.

துண்டை 20 மில்லி விநாடி முன்னால் இழுங்கள். இப்போது அதன் பின்னால் ஓர் இடைவெளி விழும். அடுத்த துண்டின் இடது ஓரத்தை முன்பக்கமாக நீட்டி, நகர்த்திய துண்டின் முடிவோடு 5 முதல் 10 மில்லி விநாடி கோத்து கிராஸ்ஃபேட் போடுங்கள். ஃபேட் அடுத்த அடிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். அடியின் மேல் ஏறினால் அதன் கூர்மை மழுங்கும்; சில சமயம் ஒரே அடி இரண்டாகக் கேட்கும்.

இதில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நான்கு அசைவுகளுக்கு எத்தனை சொடுக்கு ஆகிறது? ஒரு நான்கு நிமிடப் பாட்டில் நூற்றுக்கணக்கான முறை செய்யப்போகும் வேலை இது. துண்டு நகர்ந்ததும் தானாக ஃபேட் போடுகிற மென்பொருளுக்கும், ஒவ்வொரு முறையும் மெனு திறக்கச் சொல்கிற மென்பொருளுக்கும் இடையே ஒரு முழு மாலை நேரம் இருக்கிறது. ரீப்பரில் ‘ஆல்ட்’ பிடித்து இழுத்தால் துண்டின் ஓரங்கள் அப்படியே நிற்க, உள்ளே இருக்கும் ஒலி மட்டும் நகரும், இடைவெளியே விழாது. இதுபோல ஒன்று உங்கள் இன்னொரு மென்பொருளிலும் இருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறகு ஓவர்ஹெட்டை மட்டும் சோலோ செய்து க்ராஷைக் கேளுங்கள். அதன் ஒலி சீராகத் தேய வேண்டும், தாவக்கூடாது.

வெட்டாமல் இழுத்து நீட்டும் முறையையும் இதே இடத்தில் ஒருமுறை செய்து பாருங்கள். ஒவ்வொரு மென்பொருளிலும் அதற்கு வேறு பெயர்: ஃபிளெக்ஸ், வார்ப், எலாஸ்டிக், ஸ்ட்ரெட்ச் மார்க்கர். செய்வது வேகம், பார்க்கவும் சுத்தம். ஆனால் சிம்பலின் நீண்ட ஒலியில் நீர் தளும்புவது போன்ற ஒரு நடுக்கம் வந்துவிடும். சிறு திருத்தத்துக்குப் பரவாயில்லை; பாட்டு முழுக்க வேண்டாம்.

7. மூன்றாம் சோதனை: அடிகளைத் தானாகக் கண்டுபிடிப்பது

இதற்கு அதிக மதிப்பெண் கொடுக்காதீர்கள். விளம்பரத்தில் முன்னால் நிற்பது இதுதான். உண்மையில் கையால் வெட்டத் தெரிந்தவருக்குத்தான் இது உதவும்.

கிக், ஸ்னேர் டிராக்குகளை மட்டும் ஆதாரமாகக் காட்டிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஓவர்ஹெட்டையும் சேர்த்தால் ஹை-ஹாட்டின் ஒவ்வொரு தட்டும் ஓர் அடியாகி, தேவையில்லாத இடத்திலெல்லாம் வெட்டு விழும். ஆதார டிராக்கைத் தனியாகத் தேர்ந்தெடுக்க விடாத மென்பொருளில் இந்த வசதியை மறந்துவிடலாம்.

உணர்திறனை மெல்ல ஏற்றுங்கள். முதலில் பெரிய அடிகள், பிறகு கோஸ்ட் நோட்டுகள், அதற்குப் பிறகு ஸ்னேர் மைக்கில் கசிந்த கிக் என்று வரிசையாகக் குறி விழும். கோஸ்ட் நோட்டும் கசிவும் ஒரே அளவில் இருக்கும் இடத்தில் எந்த மென்பொருளும் திணறத்தான் செய்யும். தவறான குறியை ஒரு சொடுக்கில் நீக்க முடிகிறதா என்பதைப் பாருங்கள். கிட்டோடு தவில் அல்லது பறையும் சேர்த்துப் பதிந்திருந்தால் அவற்றை ஆதாரமாக வைக்கவே வேண்டாம். விரல் அடிகளும் உருட்டல்களும் குறிகளைச் சிதறடித்துவிடும்.

குவாண்டைஸில் வலிமையை விழுக்காட்டில் கொடுக்க முடிய வேண்டும். 100 வைத்தால் டிரம் மெஷின் கிடைக்கும். நான் 70 முதல் 85-க்குள் தொடங்கி, காதுக்கு ஏற்ப மாற்றுவேன்.

8. நான்காம் சோதனை: டெம்போவும் நடையும்

கிளிக் இல்லாமல் வாசித்த பதிவை ஒரே பிபிஎம் கிரிட்டுக்குள் இழுத்துத் திணிக்காதீர்கள். பாரின் முதல் அடியைக் குறித்துக்கொண்டே போனால், கிரிட் வாசிப்புக்கு ஏற்ப வளைய வேண்டும். இந்த டெம்போ மேப் வசதி இருக்கிறதா, அதைச் செய்யும்போது ஆடியோ இடம் மாறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் டெம்போவை மாற்றியதும் ஆடியோவும் கூடவே நீளும். டிராக்குகளின் நேர அடிப்படையை (டைம்பேஸ்) முதலிலேயே பாரிலிருந்து விநாடிக்கு மாற்றி வைத்தால் தப்பிக்கலாம்.

நம்மூர் குத்துப் பாட்டுகளில் 6/8 நடை சாதாரணம். அதை 4/4-இன் பதினாறாம் கிரிட்டில் வைத்துக் குவாண்டைஸ் செய்தால் மூன்றாய்ப் பிரிய வேண்டிய அடிகள் நான்கின் கட்டங்களுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும், ஆட்டம் செத்துவிடும். கிரிட்டை 6/8 அல்லது டிரிப்லெட்டுக்கு மாற்றி, ஸ்விங் அளவையும் தொட்டுப் பாருங்கள். இன்னும் நல்ல வழி, நன்றாக வாசித்த இரண்டு பாரிலிருந்தே நடையை எடுத்து அதையே கிரிட்டாக வைப்பது. குரூவ் எடுக்கும் இந்த வசதி உள்ள மென்பொருளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பின்னாளில் மிகவும் கைகொடுக்கும்.

9. முடிவெடுங்கள்

முதல் இரண்டு சோதனைகளில் எது சிரமமில்லாமல் போனதோ அதை எடுங்கள். அங்கே இரண்டும் சமம் என்றால் நான்காம் சோதனை. அதிலும் சமம் என்றால் விலை. மூன்றாம் சோதனை கடைசி.

ஸ்னேர் ஒலியைச் சாம்பிளால் மாற்றும் கருவிகளை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை பெரும்பாலும் தனிப் பிளக்-இன்களாகக் கிடைக்கின்றன.

10. முதல் பாட்டை எடிட் செய்யும் வரிசை

மென்பொருள் முடிவானதும் முழுப் பாட்டுக்கு வருவோம். பேஸும் கிட்டாரும் பதியும் முன் டிரம்ஸ் எடிட்டை முடித்துவிடுங்கள். பேஸ்காரர் திருத்தாத கிக்கோடு சேர்ந்து வாசித்துவிட்டால், பிறகு கிக்கை நகர்த்தியதும் பேஸ் தனியே தொங்கும்.

எல்லாப் பிளக்-இன்களையும் அணையுங்கள். கேட் (மெல்லிய ஒலியை அடைக்கும் பிளக்-இன்) போட்ட ஸ்னேரில் கசிவு கேட்காது. கசிவு கேட்காவிட்டால் வெட்டு சரியா தவறா என்று தெரியாது.

மைக்குகளுக்கு இடையே உள்ள தாமதத்தைச் சரிசெய்ய ஓவர்ஹெட்டை நகர்த்தும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அதை முதல் வெட்டுக்கு முன்பே செய்யுங்கள். நான் பெரும்பாலும் நகர்த்துவதில்லை. அந்த 3 மில்லி விநாடிதான் அறையின் ஆழத்தைக் காட்டுகிறது என்பது என் எண்ணம். நகர்த்துவதானால் முதலில், இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

பிறகு டேக்குகளிலிருந்து நல்ல பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஒரே முழு வாசிப்பாக்குங்கள். நேரம் திருத்துவது அதற்கு அப்புறம். பின்னால் தூக்கிப்போடப் போகும் டேக்கை உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கலாம். டேக் மாறும் இடத்தை ஒரு க்ராஷுக்குச் சற்று முன்னால் வையுங்கள். புது க்ராஷின் ஒலி, பழைய டேக்கின் சிம்பல் ஒலி அறுந்ததை மறைத்துவிடும்.

நேரம் திருத்தும்போது எல்லா டிராக்கையும் சேர்த்துக் கேட்டபடி, பார்க்கும் கண்ணை மூடிக்கொண்டு, பிசிறடிக்கும் அடியை மட்டும் தொடுங்கள். கிரிட்டிலிருந்து 8 மில்லி விநாடி விலகியிருப்பது திரையில் பெரிதாகத் தெரியும், காதுக்கு ஒன்றும் தெரியாது. 90 பிபிஎம்மில் ஒரு பதினாறாம் பங்கே 167 மில்லி விநாடி. ஃபில்களில் முதல் அடியையும் கடைசி அடியையும் மட்டும் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள். நடுவில் உள்ளவை பெரும்பாலும் தாமே சரியாக ஒலிக்கும்.

எட்டுப் பாருக்கு ஒருமுறை நிறுத்தி, ஓவர்ஹெட்டை மட்டும் ஒருமுறை, மோனோவில் எல்லாவற்றையும் ஒருமுறை கேளுங்கள். ஏதாவது ஒரு டிராக் குரூப்பை விட்டு நழுவியிருந்தால் மோனோவில் ஸ்னேர் சட்டென்று மெலிந்து காட்டும். அப்போதே பிடித்தால் எட்டுப் பார் வேலைதான் வீண். கடைசியில் பிடித்தால் எங்கே நழுவியது என்று தேடியே இரவு போய்விடும்.

டாம் டிராக்குகளைச் சுத்தம் செய்வது நேரமெல்லாம் சரியான பிறகு. இங்கே மட்டும் குரூப்பை அணைத்துவிட்டு, டாம் ஒலிக்காத இடங்களை நீக்கலாம், அல்லது 12 டெசிபல் அளவுக்குத் தணிக்கலாம். தணிப்பதே எனக்குப் பிடித்த வழி. முற்றிலும் நீக்கினால் டாம் வரும்போதெல்லாம் கசிவும் சேர்ந்து வந்து, சிம்பல் ஒலி திடீரென்று பெரிதாகும். வேலை முடிந்ததும் குரூப்பைத் திரும்பப் போடுவதை மறந்துவிடாதீர்கள். வீட்டு எடிட்டில் நான் அடிக்கடி பார்க்கும் விபத்து இதுதான்.

11. ஏற்றுமதியும் சேமிப்பும்

நூற்றுக்கணக்கான துண்டுகள் உள்ள புராஜெக்டை அப்படியே மிக்ஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலில் அந்தப் புராஜெக்டை ‘எடிட்’ என்று வேறு பெயரில் சேமியுங்கள். பிறகு ஒவ்வொரு டிராக்கையும் பூச்சியத்திலிருந்து பாட்டின் முடிவு வரை ஒரே கோப்பாக ஒட்டி, அதே சாம்பிள் ரேட்டில், 24 பிட்டில் ஏற்றுமதி செய்யுங்கள். இந்தக் கட்டத்தில் நார்மலைஸ் (ஒலி அளவை உச்சத்துக்கு ஏற்றுவது) பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். மைக்குகளுக்கு இடையே உள்ள அளவு உறவு கெட்டுவிடும்.

ஏற்றுமதியான எட்டுக் கோப்பையும் புதிய காலிப் புராஜெக்டில் போட்டு முழுதாக ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். டெம்போ மேப் இருந்தால் அதை மிடி கோப்பாகத் தனியே எடுத்து இவற்றோடு வையுங்கள். மிக்ஸ் செய்பவரிடம் வேறு மென்பொருள் இருந்தாலும் டிலே நேரத்தைப் பாட்டின் வேகத்தோடு சேர்த்துவைக்க அவருக்கு அது தேவைப்படும்.